துப்பாக்கியும் துடைகோலும்: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

துப்பாக்கி என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது போலீஸ், ராணுவம், இல்லாவிட்டால் சினிமா வில்லன். அதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் உலகில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது நம் ஊரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போவது போல, ஞாயிற்றுக்கிழமை ரைபிளைப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போகிறவர்கள் அவர்கள். காகிதத்தில் அச்சடித்த வட்டத்தைச் சுட்டுவிட்டு வீடு திரும்பி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து குழலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார்கள். பலருக்குச் சுடுவதைவிடத் துடைப்பதில்தான் ஈடுபாடு அதிகம்!

மனிதனைக் கொல்லச் செய்த கருவி எப்படி ஒரு பொழுதுபோக்கானது? அதைத் துடைத்து வைப்பது எப்படி ஒரு கலையானது? இரண்டு கதைகளும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. அந்தப் பின்னலில் ஒரு இழை இந்தியாவிலும் ஓடுகிறது.

மகாராணி சுட்ட முதல் குண்டு

1860ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி. லண்டனுக்கு அருகே விம்பிள்டன் பொதுவெளி. இன்று விம்பிள்டன் என்றால் டென்னிஸ். அன்றோ டென்னிஸ் போட்டி தொடங்க இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. விக்டோரியா மகாராணி ஒரு கூடாரத்துக்கு வந்தார். அங்கே ஒரு விட்வொர்த் ரைபிள் இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தப்பட்டு, 400 கஜம் தள்ளியிருந்த இலக்கை நோக்கி ஏற்கெனவே குறி வைக்கப்பட்டிருந்தது. விசையோடு ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மகாராணி கயிற்றை இழுத்தார். குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத்தில் போய்ப் பதிந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

குறி வைத்தவர் வேறு, கயிறு இழுத்தவர் வேறு என்று சிரிக்கலாம். ஆனால் அந்த ஒரு குண்டுதான் துப்பாக்கி சுடுதலை மரியாதைக்குரிய விளையாட்டாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1859இல், பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் பெரும் போட்டியைத்தான் மகாராணி தொடங்கி வைத்தார். வெற்றி பெறுபவருக்கு 250 பவுன் பரிசு. "ராணியின் பரிசு" என்று அதற்குப் பெயர்.

பயத்தில் பிறந்த பொழுதுபோக்கு

இத்தனை ஏற்பாடும் விளையாட்டு ஆசையால் வந்ததல்ல. பயத்தால் வந்தது. மூன்றாம் நெப்போலியனின் பிரான்ஸ் தங்கள் மீது படையெடுக்கும் என்ற அச்சம் 1859இல் பிரிட்டனை உலுக்கியது. வழக்கமான ராணுவத்தில் பெரும் பகுதி இந்தியாவிலும் மற்றக் காலனிகளிலும் இருந்தது. வீட்டைக் காக்க ஆள் வேண்டுமே! 1859 மே மாதம் போர் அமைச்சகம் தன்னார்வலர் படைகள் அமைக்க அனுமதி அளித்தது. எழுத்தர்கள், கடைக்காரர்கள், வக்கீல்கள், கைவினைஞர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். கவிஞர் டென்னிசன்கூட ரைபிள்காரர்களை அணிதிரளச் சொல்லி ஒரு கவிதை எழுதினார்.

பிரெஞ்சுக்காரர்கள் வரவே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் கையில் ரைபிளோடு, சனிக்கிழமை மதியங்களில் ஒன்றுகூடும் பழக்கத்தோடு நின்றார்கள். எதிரி இல்லாதபோது என்ன செய்வது? ஒருவரோடு ஒருவர் போட்டியிட வேண்டியதுதான். இப்படித்தான் தற்காப்புப் பயிற்சி பொழுதுபோக்காக மாறியது. லண்டன் வளர்ந்து விம்பிள்டனைச் சுற்றி வீடுகள் பெருகவே, 1890இல் போட்டிகள் சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்கு மாறின. இன்றும் பிரிட்டனில் துப்பாக்கி சுடுதலின் தலைமையிடம் பிஸ்லிதான்.

சுவிட்சர்லாந்தில் இந்த மாற்றம் இதற்கும் முன்பே நடந்துவிட்டது. 1824இல் ஆராவ் நகரில் அந்நாட்டின் முதல் கூட்டாட்சிச் சுடுதல் விழா நடந்தது. வெவ்வேறு மொழி பேசிய, வெவ்வேறு மதப்பிரிவுகளைச் சேர்ந்த மாநிலங்களின் மக்கள் ஒரே மைதானத்தில் கூடி, சுட்டு, குடித்து, பேசி, தாங்கள் ஒரு நாட்டினர் என்ற எண்ணத்தை வளர்த்துக்கொண்ட இடங்களில் அந்த விழாவும் ஒன்று. நம் ஊர்த் தேர்த்திருவிழா ஊரை ஒன்றுசேர்ப்பது போல!

கருமருந்து தந்த கரி

துப்பாக்கியைத் துடைக்கும் கதைக்கு வருவோம். அன்றைய வெடிமருந்து கருமருந்து. நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். இது எரிந்தால் முழுவதும் வாயுவாகிவிடாது. பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் உப்பாகவும் மிஞ்சும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு படலம் குழலின் உட்சுவரில் படியும். பத்துப் பதினைந்து குண்டுகள் சுட்டதும் அடுத்த குண்டை உள்ளே தள்ளுவதே பெரும் பாடு.

அதோடு முடிவதில்லை. அந்தப் படிவு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். இரவு துடைக்காமல் வைத்தால் காலையில் குழலுக்குள் துரு. ஆகவே அந்தக் காலத்தில் துப்பாக்கிக்காரனின் முதல் மருந்து எண்ணெய் அல்ல, தண்ணீர்! வெந்நீரை ஊற்றி உப்பைக் கரைத்து, துணி சுற்றிய துடைகோலால் மேலும் கீழும் இழுத்து, காயவைத்து, அதன்பிறகே கொழுப்போ எண்ணெயோ தடவுவார்கள். தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் துருவைத் தடுக்கவே தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது என்பதுதான் கருமருந்தின் வேடிக்கை.

இந்தக் கரிப் படிவுக்கு இன்னொரு விடையும் கண்டுபிடித்தார்கள். தோட்டாவின் காகிதத்தில் கொழுப்பைத் தடவி வைத்தால், குண்டு வழுக்கிக்கொண்டு எளிதாக உள்ளே போகும், கரியும் இறுகிப்போகாமல் இளகியே இருக்கும். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளுக்கு இப்படித்தான் கொழுப்புத் தோட்டாக்கள் செய்யப்பட்டன. அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும் என்பது அன்றைய பயிற்சி முறை.

அதன்பின் நடந்தது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் கொழுப்பு பசுவுடையதா, பன்றியுடையதா என்ற சந்தேகம் வங்காளப் படையில் பரவியது. 1857 மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். மே 10 அன்று மீரட் எழுந்தது. கிளர்ச்சிக்கு நிலம், வரி, சம்பளம், நாடு பிடித்தல் என எத்தனையோ காரணங்கள் இருந்தன. ஆனால் தீக்குச்சியைக் கிழித்தது ஒரு பராமரிப்புப் பிரச்சினை! குழலில் கரி படியாமல் பார்த்துக்கொள்ள ஒரு அலுவலகம் கண்டுபிடித்த வழி, அதைக் கடிக்க வேண்டிய மனிதனின் நம்பிக்கையைக் கேட்காமலே எடுக்கப்பட்ட முடிவாக இருந்தது.

மூன்று புள்ளிகள்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. வடக்கு மாநிலப் படைவீரர்கள் பலருக்கு ஒழுங்காகக் குறி வைக்கவே தெரியவில்லை என்பதை அதிகாரிகள் நேரில் பார்த்திருந்தார்கள். வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்ற இரு முன்னாள் அதிகாரிகள் 1871இல் நியூயார்க்கில் அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயரும் முறையும் பிரிட்டனைப் பார்த்து எடுத்தவை. லாங் ஐலண்டில் கிரீட்மூர் என்ற இடத்தில் 1873இல் ஒரு சுடுதளமும் திறந்தார்கள்.

அப்போது அயர்லாந்து அணி உச்சத்தில் இருந்தது. 1873இல் விம்பிள்டனில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று எல்கோ கேடயத்தைக் கைப்பற்றியிருந்தார்கள். அவர்கள் அமெரிக்காவுக்குச் சவால் விட்டார்கள். அமெரிக்கர்களுக்கு நெடுந்தூரப் போட்டி அனுபவமே இல்லை. ஆயினும் ஏற்றுக்கொண்டார்கள்.

1874 செப்டம்பர் 26. கிரீட்மூர். அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கஜம் என மூன்று தூரம். ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்கு 15 குண்டு. மையத்தில் பட்டால் 4 புள்ளி. அயர்லாந்துக்காரர்கள் கையில் முன்வாயில் மருந்தும் குண்டும் இடித்து அடைக்கும் ரிக்பி ரைபிள்கள். அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்கள். பழைய முறைதான் துல்லியம் என்று அன்று பல நிபுணர்கள் நம்பினார்கள்.

போட்டியின் நடுவே அயர்லாந்து வீரர் மில்னர் அருமையாகச் சுட்டார். குண்டு சரியாக மையத்தில் பட்டது. ஆனால் பட்டது தனக்குரிய இலக்கில் அல்ல, பக்கத்து இலக்கில்! புள்ளி பூஜ்யம். கடைசியில் அயர்லாந்து 931 புள்ளிகளுடன் முடித்தது. அமெரிக்கா 930. மீதம் இருந்தது ஒரே ஒரு குண்டு. அதைச் சுட வேண்டியவர் ஜான் போடைன். சற்று முன்புதான் இஞ்சி பீர் பாட்டில் ஒன்று உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. ரத்தம் வடிந்த கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, தரையில் படுத்து, 1000 கஜம் தள்ளியிருந்த இலக்கைச் சுட்டார். மையம். 934க்கு 931.

வித்தியாசம் மூன்று புள்ளி. மில்னர் தவறவிட்டது நான்கு புள்ளி. தன் இலக்கை ஒரு முறை எண்ணிப் பார்த்திருந்தால் வரலாறு மாறியிருக்கும். "சுடுவதற்கு முன் இலக்கை உறுதி செய்" என்ற பாடத்தைத் துப்பாக்கிக் கழகங்கள் இன்றும் புதியவர்களுக்குச் சொல்கின்றன.

அந்தப் போட்டியோடு இன்னொன்றும் தெரிந்தது. பின்பக்கம் திறக்கும் ரைபிளும் துல்லியத்தில் குறைந்ததல்ல. அதைத் துடைப்பதும் எளிது. பின்பக்கம் திறந்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் குழலுக்குள் என்ன படிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். துடைகோலையும் பின்பக்கமிருந்தே தள்ளலாம். குண்டு வெளியேறும் முனை தேய்ந்தால் குறி கெட்டுவிடும். முன்வாய் வழியாகத் துடைகோலை உரசி உரசியே நல்ல ரைபிள்களைக் கெடுத்தவர்கள் ஏராளம். சுட்டுத் தேய்ந்த குழலைவிடத் துடைத்துத் தேய்ந்த குழல் அதிகம் என்று துப்பாக்கிக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

புகை போனது, துரு போகவில்லை

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1886இல் பிரெஞ்சு ராணுவத்தின் லெபெல் ரைபிளில் அது வந்தது. சில ஆண்டுகளில் உலகமே மாறியது. கரி குறைந்தது. குண்டின் வேகம் கூடியது. இனி துடைக்கும் வேலை மிச்சம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் குழல்கள் முன்போலவே துருப்பிடித்தன. சுட்ட அன்றே பளபளவென்று துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாலும், சில நாளில் உள்ளே சிவப்புப் பொட்டுகள். புதிய மருந்தின் அமிலம்தான் காரணம் என்றார்கள் சிலர். இரும்பின் துளைகளுக்குள் வாயு புகுந்து பிறகு "வியர்க்கிறது" என்றார்கள் வேறு சிலர். ஆளுக்கொரு கைமருந்து தயாரித்தார்கள். பிலடெல்பியாவின் ஃபிராங்க் ஹாப்பி 1903இல் செய்த "ஒன்பதாம் எண்" கரைசல் அப்படி வந்ததுதான். இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதன் வாசனையை முகர்ந்தாலே தாத்தா நினைவு வருகிறது என்று சொல்லும் அமெரிக்கர்கள் உண்டு. ஜெர்மனியில் அதே காலத்தில் பாலிஸ்டால் எண்ணெய் வந்தது.

உண்மைக் காரணம் 1920களின் தொடக்கத்தில்தான் ஆய்வில் தெளிவாக நிறுவப்பட்டது. குற்றவாளி வெடிமருந்து அல்ல. தோட்டாவின் அடியில், சுத்தியல் முள் தட்டியதும் பொறி தரும் சிறு மூடி. அதில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. ஏறக்குறைய சமையல் உப்பின் தம்பி! அது குழலெங்கும் படிகிறது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டவர்கள் உப்பின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. உப்பு கரைய வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். தாத்தாக்கள் செய்தது சரி, பேரன்கள் செய்ததுதான் தவறு!

பிரிட்டிஷ் ராணுவம் இதை அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தது. லீ-என்ஃபீல்டு ரைபிளைச் சுட்ட பிறகு புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றிக் கழுவுவது வழக்கம். அதன் மரக்கட்டையின் பின்புறத்தில் ஒரு சிறு பொந்து இருக்கும். உள்ளே ஒரு எண்ணெய்ச் சிமிழும், பித்தளைக் கனம் கட்டிய ஒரு கயிறும். கயிற்றின் கண்ணியில் நாலுக்கு இரண்டு அங்குலத் துணியைக் கோத்து, கனத்தைக் குழலுக்குள் போட்டு மறுபக்கம் இழுத்தால் குழல் துடைபடும். பின்னர் துருவேற்றாத மூடிகள் ஜெர்மனியில் 1920களின் இறுதியில் சந்தைக்கு வந்து, மெல்ல மெல்ல உலகெங்கும் பரவின. கொதிநீர் ஓய்வு பெற்றது.

ஏழைகளின் சுடுதளம்

ஆயிரம் கஜம் சுட ஆயிரம் கஜம் நிலம் வேண்டும். ரயிலேறிப் போக வேண்டும். விலை உயர்ந்த தோட்டா வேண்டும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது பெரும்பாலும் வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. இதை மாற்றியது மீண்டும் ஒரு பயம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போரில், குடியானவர்களான போயர்களின் குறி பிரிட்டிஷ் ராணுவத்தைத் திணறடித்தது. அந்தப் போரில் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, நாடு முழுவதும் சாதாரண மக்கள் சுடக் கற்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்தார். இவர் கான்பூரில் பிறந்தவர். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவரும் இவரே.

1901இல் உழைப்பாளிகளுக்கான ரைபிள் கழகங்களின் சங்கம் உருவானது. அவர்கள் கையில் எடுத்தது .22 என்ற சிறு தோட்டா. சத்தம் குறைவு, விலை குறைவு, உதைப்பும் இல்லை. 25 கஜ நீளக் கூடம் இருந்தால் போதும். தொழிற்சாலைகளின் பின்புறத்திலும் மண்டபங்களிலும் சுடுதளங்கள் முளைத்தன. வேலை முடிந்து மாலையில் வந்து பத்துக் குண்டு சுட்டுவிட்டு, துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பெண்களும் வந்தார்கள். 1930இல் பிஸ்லியில் மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண், அத்தனை ராணுவ வீரர்களையும் தாண்டி "மன்னரின் பரிசை" வென்றார். 70 ஆண்டு வரலாற்றில் முதல் பெண் அவர்தான். ஹங்கேரியின் காரோலி டகாச் கதையும் இங்கே சொல்லத் தக்கது. 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. இடது கையால் சுடக் கற்றுக்கொண்டு 1948, 1952 ஒலிம்பிக் இரண்டிலும் பிஸ்டலில் தங்கம் வென்றார். உடல் பலத்தைவிட மூச்சும் மனமும்தான் இந்த விளையாட்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1996

இதுவரை சொன்னது வெளிச்சப் பக்கம். 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்ற சிற்றூரில் ஒருவன் ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்து 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்த கைத்துப்பாக்கிகள் திருடியவை அல்ல. உரிமம் பெற்று வைத்திருந்தவை. அடுத்த மாதமே, ஏப்ரல் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

டன்பிளேன் பெற்றோர்களின் குரலுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஆதரவு தந்தார்கள். 1997இல் பிரிட்டன் இரண்டு சட்டங்கள் இயற்றி, .22 உட்பட ஏறக்குறைய எல்லாக் கைத்துப்பாக்கிகளையும் தடை செய்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு ஈக்கும் தீங்கு செய்யாதவர்கள். அவர்களுக்கு அது அநியாயமாகப் பட்டது. குழந்தையைப் பறிகொடுத்தவர்களுக்கோ அந்த அநியாயம் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒரு தராசில் வைத்துப் பார்த்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதில் பிரிட்டனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று.

ஒரு வேடிக்கை. முன்வாயில் மருந்து இடிக்கும் பழங்காலக் கைத்துப்பாக்கிகள் தடையிலிருந்து தப்பின. ஆகவே சிலர் கருமருந்துக்கே திரும்பினார்கள். கூடவே வெந்நீரும் சோப்பும் திரும்பி வந்தன!

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. அங்கே தேசிய ரைபிள் சங்கத்தின் தலைமை 1970களில் அரசியலைக் குறைத்துக்கொண்டு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் கவனம் செலுத்த நினைத்தது. 1977இல் சின்சினாட்டி மாநாட்டில் உறுப்பினர்களே அந்தத் தலைமையைக் கவிழ்த்தார்கள். குறி பார்க்கக் கற்றுத்தரத் தொடங்கிய சங்கம் துப்பாக்கி உரிமைக்கான அரசியல் சக்தியானது. சுவிட்சர்லாந்து நடுவழியில் நடந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை இறுக்கும் சட்டத்துக்கு 2019இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். சுடுதல் விழாக்களும் தொடர்ந்தன.

இந்தியாவில் உரிமமும் பூவும்

1857இன் அச்சம் ஆங்கிலேயரை விட்டு அகலவே இல்லை. லிட்டன் பிரபு 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தார். இந்தியர் ஆயுதம் வைக்க உரிமம் தேவை. ஐரோப்பியருக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரிட்டனில் அரசே மக்கள் கையில் ரைபிளைக் கொடுத்துச் சுடக் கற்றுக்கொள்ளச் சொன்ன அதே காலத்தில், இந்தியாவில் அதே அரசு மக்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கியது. பொழுதுபோக்கு என்பது அரசு யாரை நம்புகிறது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நம் பக்கத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. குடகு. 1861லேயே குடகர்களுக்கு ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு தரப்பட்டது. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தபோதும் அந்த விலக்கு வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

நாற்று நடவு முடிந்ததும், செப்டம்பர் தொடக்கத்தில், குடகர்கள் கைல் போள்து என்ற விழா எடுக்கிறார்கள். நம் ஆயுத பூஜை போன்றதுதான். வீட்டுத் துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, பூஜை அறையில் வைத்து, "தோக் பூ" சூட்டி வணங்குகிறார்கள். தோக் என்றால் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கிப் பூ வேறெதுவுமில்லை, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான்! அதன்பின் உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி. துடைப்பது ஒரு சடங்கு, சுடுவது ஒரு விளையாட்டு. பிறப்புக்கு ஒரு வெடி, இறப்புக்கு இரண்டு வெடி என்ற வழக்கமும் அவர்களிடம் உண்டு.

நாட்டின் மற்றப் பகுதிகளில் இந்த விளையாட்டு மெதுவாகவே வளர்ந்தது. இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கியது. முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர். 1962இல் பிகானேர் மகாராஜா கர்ணி சிங் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். வெகுகாலம் வரை இது ராஜாக்களுக்கும் ராணுவத்துக்கும் உரியதாகவே இருந்தது.

மாற்றியது காற்று. ஆம், காற்றுதான்! அழுத்தக் காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயச் சிற்றுருண்டையைச் செலுத்தும் காற்றுத் துப்பாக்கி 1984இல் ஒலிம்பிக்குக்குள் வந்தது. பத்து மீட்டர் அறை போதும். வெடிமருந்து இல்லை, மூடி இல்லை, கரி இல்லை, உப்பு இல்லை, துரு இல்லை. குழலுக்குள் சின்னக் கம்பளித் துண்டைச் செலுத்தினால் துடைத்தாயிற்று. காற்று உருளையின் ஆயுள் தேதி, ரப்பர் வளையங்கள், குறிகாட்டியின் திருகாணிகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் இலக்கின் பத்துப் புள்ளி வட்டமோ அரை மில்லிமீட்டர். எழுதி முடித்த ஒரு முற்றுப்புள்ளி அளவு!

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். இறுதிச் சுற்றுக்கு முன் குறி சரிபார்க்கும் குண்டுகளைச் சுட்ட அபினவ் பிந்த்ரா அதிர்ந்தார். குண்டுகள் எங்கோ விலகிப் போயின. குறிகாட்டி இடம் மாறியிருந்தது. இருந்த சில நிமிடங்களில் திருகாணிகளைத் திருப்பிச் சரிசெய்தார். கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரரோடு சம நிலை. சுட்டார். 10.8. தனிநபர் விளையாட்டில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். கிரீட்மூரில் கிழிந்த கையோடு படுத்த போடைனுக்கும் பிந்த்ராவுக்கும் இடையே 134 ஆண்டுகள். இருவருக்கும் மிச்சமிருந்தது ஒரே குண்டுதான்.

அதன்பின் கதவு அகலத் திறந்தது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை.

துடைகோல் சொல்லும் சேதி

எந்த நாட்டுக் கழகமானாலும் புதியவருக்கு முதல் நாள் சொல்லும் விதிகள் ஏறக்குறைய ஒன்றே. எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினை. குழலை ஆபத்தில்லாத பக்கமே திருப்பி வை. சுடத் தயாராகும்வரை விசையில் விரல் வைக்காதே. துடைக்க உட்காரும் முன் தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார். "துடைக்கும்போது வெடித்துவிட்டது" என்ற செய்தி பத்திரிகைகளில் வருவதற்குக் காரணம், அந்த ஒரு நொடிச் சோம்பல்தான்.

இந்த விதிகள் எதுவும் வீரத்தைப் பற்றியவை அல்ல. எல்லாம் சந்தேகத்தைப் பற்றியவை. தன் நினைவைச் சந்தேகி, தன் கையைச் சந்தேகி, காலி என்று தெரிந்த துப்பாக்கியையும் சந்தேகி. பயத்தில் பிறந்த பொழுதுபோக்கு 160 ஆண்டுகளில் கற்றுக்கொண்டது இதைத்தான். மில்னர் தன் இலக்கைச் சந்தேகித்திருந்தால் வென்றிருப்பார். பிந்த்ரா தன் குறிகாட்டியைச் சந்தேகித்ததால் வென்றார். டன்பிளேனில் ஒரு மனிதனைச் சந்தேகிக்க வேண்டியவர்கள் சந்தேகிக்கவில்லை. 17 பேர் மாண்டார்கள்.

விளையாட்டு முடிந்தபின் கால்பந்து வீரன் பந்தை மூலையில் போட்டுவிட்டுப் போகலாம். துப்பாக்கிக்காரனுக்கு அந்த உரிமை இல்லை. அவன் உட்கார்ந்து, திறந்து, பார்த்து, துடைத்து, பூட்டி, சாவியை எடுத்த பிறகுதான் அவனுடைய ஆட்டம் முடிகிறது.